மந்திரியின் முகத்தில் வீக்கம்

மந்திரி அன்று காலை ரொட்டித் துண்டை வாயில் வாங்கி, ஒரு தடவை மென்று, அப்படியே தரையில் வைத்துவிட்டது. வைத்துவிட்டு டச்சப் அக்காவை நிமிர்ந்து பார்த்தது. பதினோரு வருடத்தில் அது வாய்க்குள் போனதைத் திருப்பிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

நாய்க்கு மந்திரி என்று பெயர் வைத்தது அக்காவின் கணவர். ஒரு வேலையும் செய்யாமல், வீட்டுக்கு வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கப் போகிற ஜீவனை வேறு என்னவென்று கூப்பிடுவது என்பார். லிப்ட் மெக்கானிக் அவர். ஊர்ப்பட்ட ஜனத்தை மேலே ஏற்றி இறக்கிவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால் தான் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டார். நாயும், அது படுத்துக்கொள்ள அவர் போட்டுக்கொடுத்த பழைய கோட்டும், கூடத்துச் சுவரில் ஒரு படமும் மிச்சம்.

அக்காவுக்கு டச்சப் என்ற பெயர் போட்டோ ஸ்டூடியோவில் வந்தது. விண்ணப்பத்துக்கும் அடையாள அட்டைக்கும் படம் எடுக்க வருகிறவர்களின் முகத்தைக் கம்ப்யூட்டரில் வைத்துச் சரிசெய்கிற வேலை. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிய தோள், எல்லாம் அவள் கை பட்டால் ஓடிப்போகும். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளைக்கு ஐம்பது முகம். "டச்சப் அக்கா இருக்காங்களா? இல்லேன்னா நாளைக்கு வர்றோம்" என்று வாசலிலேயே கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் முதலாளியின் முகம் ஒரு மாதிரி ஆகும். காமிராவைப் பிடிப்பவர் அவர்தானே.

அக்கா ரொட்டியை எடுத்துப் போட்டுவிட்டு, குனிந்து நாயின் முகத்தைத் தடவினாள். இடது கண்ணுக்குக் கீழே விரலில் ஒரு மேடு தட்டியது. மந்திரி வலியில் தலையை இழுத்துக்கொண்டது. கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கன்னமும் ஒன்றுபோலத்தான் இருந்தன. மறுபடி தொட்டாள். இருந்தது. சூடாகக்கூட இருந்தது.

உடனே பாப்பாவுக்குப் போன் போட்டாள். பாப்பா என்றால் பச்சைக் குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். கணவரின் தங்கை, வயது நாற்பத்தொன்று, மருந்துக்கடையில் வேலை. கடைசித் தங்கை என்பதால் பாப்பா ஆனவள், தலை நரைத்தும் பாப்பாவாகவே நின்றுவிட்டாள். வெளியூரில் இருந்தவள் அண்ணனின் கடைசி மாதத்தில் பெட்டியோடு வந்தாள். பிறகு போகவில்லை. போ என்று அக்காவும் சொல்லவில்லை. அன்று சனிக்கிழமை. கடையில் இன்னொருத்தி லீவு போட்டதில் பாப்பாவுக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்ந்தாற்போல் வேலை, விடியும்போதே கிளம்பிப் போயிருந்தாள்.

"பூச்சி ஏதாவது கடிச்சிருக்கும் அண்ணி" என்றாள் பாப்பா. "சாயங்காலம் வர்றப்ப வலி மாத்திரை கொண்டு வர்றேன். அரை மாத்திரை கொடுத்தா மந்திரியாரு எழுந்து அறிக்கை விட ஆரம்பிச்சுருவாரு."

அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. நாய் டாக்டரிடம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அந்த டாக்டரம்மாவிடம் நேராகப் போய் நிற்க முடியாது, கூட்டம் அப்படி. முதலில் போனில் படம் அனுப்ப வேண்டும். நேராக ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. படத்தைப் பார்த்துவிட்டு, எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று அவரே பிரித்துச் சொல்வார். அக்கா மூன்று படம் எடுத்து அனுப்பினாள். படம் எடுப்பதில் அவளுக்கு யார் சொல்லித் தர வேண்டும்? பத்து நிமிடத்தில் டாக்டரம்மாவின் குரல் வந்தது.

"படம் பார்த்தேம்மா. பெரிசா ஒண்ணும் தெரியலையே. பூச்சிக்கடியா இருக்கலாம். ஐஸைத் துணியில சுத்தி அஞ்சு நிமிஷம் வெச்சு வெச்சு எடுங்க. மூச்சு வாங்குச்சு, வாந்தி எடுத்துச்சு, வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ ஏறுச்சுன்னா அப்ப படமெல்லாம் வேண்டாம், தூக்கிட்டு ஓடி வாங்க. மனுஷங்க மாத்திரை மட்டும் கொடுத்துராதீங்க, அது நாய்க்கு விஷம். செவ்வாய்க்கிழமை காலையில கூட்டிட்டு வாங்க, வாயைத் திறந்து பார்த்துடறேன்."

பெரிசா ஒண்ணும் தெரியலையே. அந்த வார்த்தையில் அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தெரியவில்லை என்றால் இல்லை என்று எடுத்துக்கொள்வதில் அவள் பலே கெட்டிக்காரி. ஐஸ் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

ஸ்டூடியோவில் அன்று மூன்றாவதாக வந்தவர் ஒரு பஸ் டிரைவர். கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. "இதை எடுத்துருங்கக்கா. பார்க்கிறவன் எல்லாம் இதைத்தான் விசாரிக்கிறான், என்னை ஒருத்தனும் விசாரிக்கிறதில்லை" என்றார். எடுத்துவிட்டாள். இரண்டு நொடி வேலை. பக்கத்துத் தோலிலிருந்து கொஞ்சம் கிள்ளி மேலே வைத்துத் தேய்த்தால் தீர்ந்தது. வழக்கமாக அதோடு அடுத்த முகத்துக்குப் போயிருப்பாள். அன்று கை நின்றுவிட்டது.

இந்தக் கட்டியை இப்போது எங்கே அனுப்பினேன் என்று ஒரு நினைப்பு. படத்தில் இல்லை. இவ்வளவு வருடமாகத் துடைத்த கட்டிகள், மருக்கள், வெட்டுக்காயங்கள், உதட்டு வெடிப்புகள் எல்லாம் ஒரு இடத்தில் இருக்கத்தானே வேண்டும்? துடைத்த கையோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மூலையில் உட்கார்ந்து, யார் முகம் காலியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்குமோ? பைத்தியக்கார நினைப்பு. அவளுக்கே தெரியும். ஆனாலும் எழுந்துபோய் இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"என்னம்மா, ஆபரேஷனா பண்ணப் போறே?" என்றார் முதலாளி. அவள் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த முகத்தைத் திறந்தாள்.

நினைப்பு சும்மா வரவில்லை. கணவரின் முகத்தையும் அவள் துடைத்திருக்கிறாள். லிப்ட் கம்பெனியில் அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் படம் கேட்டார்கள் என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றார். முதலாளி எடுத்தார், அவள் சரிசெய்தாள். புருவத்தில் கம்பி கிழித்த தழும்பு, கன்னத்தில் அம்மைக் குழிகள், சும்மா இருந்தாலும் ஒரு பக்கம் ஏறியே இருக்கிற உதடு, தாடையில் ஒரு பக்கம் லேசான தடிப்பு, எல்லாம் போயிற்று. "யாரு இந்தப் புது மாப்பிள்ளை? எனக்கே பொறாமையா இருக்கு" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தத் தடிப்பை அவள் பார்த்தாளா? பார்க்காமல் எப்படித் துடைத்தாள்? ஆனால் பார்க்கவே இல்லை என்று எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வாள், அதுவும் பொய் இல்லை. கை கண்டுகொண்டது, கை துடைத்தது, அவளுக்குச் சொல்லவில்லை. வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட முகத்தையும் கண் அப்படித்தான் தினமும் சரிசெய்துகொண்டது. நாலு மாதம் கழித்துப் பல் ஆடுகிறது என்று போனவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தாடை எலும்பில் கட்டி. ரொம்ப நாளாக இருந்திருக்கிறதே, வீட்டில் யாருமே பார்க்கவில்லையா என்று அங்கே கேட்டார்கள். பக்கத்தில் நின்றவள் அவள்தான்.

சுவரில் மாட்டியிருப்பது அந்தப் படம். வேறு நல்ல படம் இல்லை என்று அதைப் போட்டார்கள். அது மாட்டப்பட்ட மூன்றாவது வாரத்திலிருந்து அவர் வர ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில், மத்தியானம் மூன்று மணி வாக்கில், வெயில் ஜன்னலுக்குள் வந்து தரையில் சதுரமாக விழுகிற நேரத்தில் வருவார். ஜன்னலோரத்து நாற்காலியில் இருப்பார். முதல் தடவை அக்கா பயப்படவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள். நின்ற பிறகுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். புருவத்தில் தழும்பு இல்லை. கன்னத்தில் குழி இல்லை. உதடு நேராக இருந்தது. அவள் செய்து கொடுத்த முகம் அது, சட்டைக் காலரோடு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது. செத்தவர் திரும்பி வந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வந்தவர் அவர் இல்லை. அவரை அழித்துவிட்டு அவள் வைத்த ஆள்.

மந்திரிக்கும் அது தெரிந்திருந்தது. தெருமுனையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வாலை ஆட்டி வீட்டில் இருக்கிற சாமானையெல்லாம் தட்டிவிடுகிற நாய் அது. நாற்காலியில் இருந்த மனிதருக்கு ஒரு காதைக்கூட அசைத்ததில்லை. இரண்டு வருடமாக இதை அக்கா யாரிடமும் வாயைத் திறந்து சொல்லவில்லை. பாப்பாவிடம் எப்படிச் சொல்வது? உன் அண்ணன் மாதிரி ஒருத்தர் வருகிறார், ஆனால் உன் அண்ணன் இல்லை என்றா?

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். பாப்பா கடையில் இருந்தாள். மந்திரி முந்தின நாளிலிருந்தே கட்டிலுக்கு அடியில் கிடந்தது. தண்ணீரை மட்டும் நக்கியது. அக்கா அதைக் கெஞ்சிக் கூத்தாடி வெளியே இழுத்து, வெயில் சதுரத்தில் கோட்டைப் போட்டுப் படுக்க வைத்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் பாப்பா கொண்டுவந்த மாத்திரையை டாக்டரம்மா சொன்னதைச் சொல்லித் தடுத்துவிட்டாள். பாப்பாவுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். களைத்துப் போய் வந்தவள் கட்டிலுக்கு அடியில் எட்டிக்கூடப் பார்க்காமல் படுத்துவிட்டாள்.

அவர் எப்போதும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. அன்று எழுந்தார். வந்து நாயின் பக்கத்தில் குனிந்தார். வீங்கிய கன்னத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணுக்குக் கீழிருந்து மூக்கு வரைக்கும் மெதுவாக ஒரு முறை தடவினார். அக்காவுக்கு அந்தத் தடவலைத் தெரியும். அவளே ஒரு நாளைக்கு ஐம்பது தடவை செய்வது. அவர் கையை எடுத்தபோது மந்திரியின் முகம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. நாற்காலி காலியாக இருந்தது.

போய்விட்டதே என்று அக்காவுக்கு ஒரு சந்தோஷம். அதை என்னவென்று சொல்வது, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கையோடு மூன்று படம் எடுத்து அனுப்பினாள். டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். "இப்ப வீக்கமே தெரியலையேம்மா, நல்லாக் குறைஞ்சிருக்கு. ஐஸை நிறுத்திடலாம். செவ்வாய்க்கிழமை பார்ப்போம்."

ஐந்து மணிக்குப் பாப்பா வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே அலறினாள்.

"ஐயோ அண்ணி! இதுக்கு என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு? குறைஞ்சிடுச்சே. டாக்டரம்மாவே சொன்னாங்களே."

"எது குறைஞ்சிடுச்சு? கண்ணு இருக்கிற இடமே தெரியலை! உங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

அக்கா பார்த்தாள். பார்க்கப் பார்க்க, யாரோ போர்வையை மெதுவாக விலக்குவது போல, மந்திரியின் முகம் வெளியே வந்தது. இடது பக்கம் முழுக்க உப்பி, கண் ஒரு கீற்றாகி, அதன் ஓரத்தில் பீளை கட்டியிருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. கோட்டில் ஈரம் பரவியிருந்தது. நாய் தலையைத் தூக்கவே சிரமப்பட்டது.

பாப்பா போனைப் பிடுங்கி, அனுப்பிய படங்களைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. கீழே கிடந்த நாயைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"இது யார் வீட்டு நாய் அண்ணி?"

"நம்ம மந்திரிதான். இப்பதான் எடுத்தேன். இங்கேயேதான் எடுத்தேன்."

"என் முன்னாடி ஒண்ணு எடுங்க பார்ப்போம்."

அக்கா போனை வாங்கிக் குனிந்தாள். ஒரு கையால் நாயின் தாடையைப் பிடித்து, நல்ல பக்கம் வெளிச்சத்துக்கு வருகிற மாதிரி லேசாகத் திருப்பினாள். எடுத்தாள். உடனே கட்டைவிரல் திரையின் ஓரத்துக்குப் போய் எதையோ தொட்டது. ஆள்காட்டி விரல் படத்தின் மேல் இறங்கி, கண்ணுக்குக் கீழிருந்து மூக்கு வரைக்கும் மெதுவாக ஒரு முறை தடவியது. பழைய படத்தின் மேலேயே புதியதைப் பதிந்தது. ஸ்டூடியோவில் பழசை வைத்துக்கொள்வது வழக்கம் இல்லை. எல்லாம் முடிய மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

பாப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க அண்ணி?"

"என்ன பண்றேன்?"

கேட்டுவிட்டுத் தன் கையையே பார்த்தாள். விரல் இன்னும் திரைமேல் இருந்தது. பேயறைந்தது போல என்பார்களே, அக்காவின் முகம் அப்படி ஆயிற்று. ஜன்னலோரத்தில் வந்துபோகிறவருக்குக்கூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

"நேத்து… நேத்து அனுப்பினதும் இப்படித்தானா பாப்பா?"

பாப்பாவுக்கு அப்போது வந்த கோபம் நாயைப் பற்றியது மட்டும் இல்லை. இரண்டு வருடமாக விழுங்கி வைத்திருந்தது.

"அண்ணன் எனக்கும் ஒரு படம் அனுப்பினாரு" என்றாள். "தாடை வலிக்குதுன்னு போன்ல சொன்னாரு. எங்க, ஒரு படம் எடுத்து அனுப்புங்க, கடைக்கு வர்ற டாக்டர்கிட்ட காட்டுறேன்னேன். இருக்கிறதுலேயே புதுசு இதுதான்னு கம்பெனி அட்டைக்கு எடுத்த அந்தப் படத்தை அனுப்பி வெச்சாரு. டாக்டர் பார்த்துட்டு, முகம் நல்லாத்தானே இருக்கு, பல்லு கூச்சமா இருக்கும்னாரு. நானும் ஒரு மாத்திரை பேரைச் சொல்லிட்டுப் போனை வெச்சுட்டேன். நாலு மாசம் அண்ணி. நாலு மாசம் அந்த மாத்திரையைத் தின்னுக்கிட்டு லிப்ட் ரிப்பேர் பண்ணியிருக்காரு."

"ஏன் என்கிட்ட இத்தனை நாள் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? அது உங்க கை பட்ட படம்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் டாக்டர்கிட்ட நீட்டினேன். உங்க தப்பைச் சொன்னா என் தப்பையும் பக்கத்துல வெச்சுச் சொல்லணும். அதுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை." பாப்பா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எழுந்திரிங்க. உட்கார்ந்து அழறதுக்கு நேரம் இல்லை. அந்தப் பக்கம் பிடிங்க, தூக்குவோம்."

கோட்டோடு சேர்த்துத் தூக்கினார்கள். மந்திரி நல்ல கனம். படியில் இறங்கும்போது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. தெருவில் போன வாடகைக் கார் ஒன்று நாயைப் பார்த்ததும் வேகமாகப் போயிற்று. இரண்டாவது கார்க்காரர் வீட்டில் நாய் வளர்ப்பவர், எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

நாய் ஆஸ்பத்திரிக்கு அன்று விடுமுறை. டாக்டரம்மா மாடியிலேயே குடியிருந்தார். கீழே இறங்கி வந்து விளக்கைப் போட்டு, நாயின் முகத்தைப் பார்த்தவர் அக்காவைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"மத்தியானம் படத்துல பார்த்தது இந்த நாய்தானாம்மா?"

அக்காவுக்கு ஒரு சாக்குப் போக்கு சொல்லிவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. வெளிச்சம் சரியில்லை, போன் பழசு, எவ்வளவோ இருக்கிறது. ஆனால் மந்திரி மேஜைமேல் தலையை அவள் கையில் வைத்திருந்தது, சூடு உள்ளங்கையைச் சுட்டது.

"இந்த நாய்தான் டாக்டர். படம்தான் பொய். வீக்கத்தை நான்தான் அழிச்சு அனுப்பியிருக்கேன். வேணும்னு பண்ணலை. என் தொழில் அது. கை தானாப் பண்ணிடுச்சு."

டாக்டரம்மா ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தார். திட்டவில்லை. வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். நாய் முனகியது. பல் ஒன்று வெடித்திருக்கிறது, ஆனால் வீக்கம் எலும்புபோலக் கெட்டியாக இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"இது எத்தனை நாளா இருக்கு? இதுதான் எனக்கு இப்ப முக்கியம்" என்றார். "வயசான நாய். நடுவுல குறையாம ஏறிக்கிட்டே வந்து இவ்வளவு கெட்டியா ஆகியிருந்தா, எலும்புலயே ஏதோ வளருதான்னு பயப்படணும். வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், அங்க இடம் கிடைக்க நாலஞ்சு நாள் ஆகும். அதுக்குள்ள கண்ணு போயிடும், உயிருக்கும் நான் பொறுப்பு சொல்ல முடியாது. அதுவே மாசக்கணக்கா வந்து வந்து போயிருந்தா, அது பல்லுச் சீழ். விடிஞ்சதும் நானே பிடுங்கிடுவேன். பழைய படம் ஏதாவது இருக்கா? அஞ்சாறு மாசமா எடுத்தது?"

படத்துக்கா பஞ்சம்? அக்காவின் போனில் மந்திரி மட்டும் முந்நூறுக்கு மேல் இருந்தது. திரையைத் தள்ளிக்கொண்டே போனாள். வாசலில் மந்திரி, கோட்டின் மேல் மந்திரி, தொட்டித் தண்ணீரில் மந்திரி. ஒவ்வொன்றிலும் இரண்டு கன்னமும் நூல் பிடித்தாற்போல ஒன்றாக இருந்தன. கண்ணில் பீளை இல்லை, மூக்கில் கீறல் இல்லை, தாடியில் நரை இல்லை. பதினோரு வயது நாய் எல்லாப் படத்திலும் மூன்று வயதாக நின்றது. நிஜமான படம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"என்கிட்ட இல்லை டாக்டர். முந்நூறு இருக்கு, ஒண்ணுகூட இல்லை."

"என்கிட்ட இருக்கு" என்றாள் பாப்பா.

பாப்பா படம் எடுக்கிற லட்சணத்தைப் பற்றி அந்த வீட்டில் பேசிச் சிரிக்காத நாள் இல்லை. ஒன்று தலை இருக்காது, இல்லை கால் இருக்காது, தன் கட்டைவிரல் மட்டும் எல்லாவற்றிலும் தவறாமல் இருக்கும். போனின் முகப்பு வேறு விரிசல் விட்டது. அந்த விரிசலுக்குள் டாக்டரம்மா குனிந்து பார்த்தார். ஐந்து மாதத்துக்கு முன் மந்திரி இரும்புக் கேட்டைக் கடித்துக்கொண்டிருந்த படம், இடது கண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு உப்பல். மூன்று மாதத்துக்கு முன்னால் அது இல்லை, அந்த இடத்தில் முடி மட்டும் ஒட்டிக்கொண்டு ஈரமாக இருந்தது. போன மாதம் மறுபடி உப்பல்.

"வந்திருக்கு, உடைஞ்சிருக்கு, மறுபடி வந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. குரலில் இருந்த இறுக்கம் போயிற்று. "மேல் வரிசையில இருக்கிற பெரிய கடைவாய்ப் பல்லோட வேர் நேரா கண்ணுக்குக் கீழதான் போய் நிக்கும். கேட்டைக் கடிச்சுப் பல்லை உடைச்சிருக்கான் இந்த மகராசன். உள்ள சீழ் கோத்துக்கிட்டு இருக்கு. இப்ப ஊசி போட்டு இங்கேயே வெச்சுக்கறேன். காலையில எடுத்துடலாம். மயக்க மருந்தைத் தாங்கணும், வயசு இருக்கு. அதை மட்டும் நான் சத்தியம் பண்ண முடியாது."

மறுநாள் காலை எட்டு மணிக்கே இரண்டு பேரும் வந்து நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஸ்டூடியோவுக்கு வரவில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். "எத்தனை நாளைக்கு?" என்றார் முதலாளி. தெரியவில்லை என்றாள். உள்ளே பாத்திரம் உரசுகிற சத்தமும், தண்ணீர் விடுகிற சத்தமும் கேட்டன. நாயின் சத்தம் மட்டும் கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரம் அந்த மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருப்பது என்பது லேசான காரியம் இல்லை. பாப்பா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். அக்கா தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்து மடியில் வைத்திருந்தாள்.

கதவு திறந்தது. நர்ஸ் ஒரு தட்டை நீட்டிக் காட்டினாள். மூன்று வேரோடு, மஞ்சளும் சிவப்புமாக, பிளந்துபோன ஒரு பல்.

"எடுத்தாச்சு. நல்லா மூச்சு விடறாரு. கண்ணு தப்பிச்சுடும்னு டாக்டர் சொல்றாங்க. முகம்தான் அந்தப் பக்கம் கொஞ்சம் கோணலாத் தெரியும், பயந்துடாதீங்க. உள்ள வந்து பாருங்க."

மந்திரி மேஜைமேல் பக்கவாட்டில் கிடந்தது. பாதி முகத்தில் முடியை மழித்திருந்தார்கள். தையல் தெரிந்தது, நாக்கு ஒரு ஓரமாக வெளியே தொங்கியது, இடது உதடு கீழே இழுத்துக்கொண்டிருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. பாப்பா வழக்கம்போலக் கட்டைவிரலைச் சேர்த்து ஒரு படம் எடுத்துவிட்டு, "அண்ணி, நீங்களும் ஒண்ணு எடுக்கறீங்களா?" என்றாள். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அக்கா தலையை ஆட்டி மறுத்தாள். கிட்டே போய்க் குனிந்து, அந்தக் கோணல் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். கண் நழுவப் பார்த்தது. விடவில்லை, இழுத்து வைத்துப் பார்த்தாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. நர்ஸ் இரண்டு தடவை வந்து போனாள்.

"பாப்பா" என்றாள், நிமிராமலே. "அவருக்கு எந்தப் பக்கம் வீங்கியிருந்தது?"

பாப்பாவுக்கு முதலில் புரியவில்லை. எட்டு மாதம் ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்து, கஞ்சி ஊட்டி, கட்டு மாற்றி, வாய் துடைத்துவிட்டவள் கேட்கிற கேள்வியா இது?

"என்ன அண்ணி கேக்கறீங்க?"

"எனக்குத் தெரியலை பாப்பா. கண்ணை மூடினா நேரான முகம்தான் வருது. எவ்வளவோ முயற்சி பண்ணிப் பார்த்துட்டேன். அவர் முகம் எனக்கு இல்லை. என்கிட்ட இல்லவே இல்லை."

பாப்பா கிட்டே வந்தாள். அக்காவின் கையை எடுத்துத் தன் வலது தாடையில் வைத்து அழுத்திக்கொண்டாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் தாடை ஒரே வார்ப்பு, ஊரே சொல்லும்.

"இந்தப் பக்கம் அண்ணி. இங்க ஆரம்பிச்சு, காதுக்குக் கீழ வரைக்கும். கடைசியில இந்தக் கண்ணு பாதிதான் திறக்கும். பேசுனா வாய் இந்தப் பக்கம் இழுத்துக்கும். உங்க பேரைச் சொல்ல வராம, கையைத் தட்டித்தான் கூப்பிடுவாரு."

அக்காவின் விரல்கள் அந்த எலும்பின் மேல் அசையாமல் இருந்தன.

"அப்புறம்?" என்றாள். "இன்னும் சொல்லு."